ஃபைபர் ஒளியை இணைக்கற்றையாக்க எந்த லென்ஸ்? (1550 நா.மீ., 800 மி.மீ. இடைவெளி)

பாயான்_பெஞ்ச்

வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சோதனை மேசைக்காகக் கேட்கிறேன்.

1550 நானோமீட்டர் லேசர், கார்னிங்கின் எஸ்எம்எஃப்-28 சிங்கிள் மோட் ஃபைபர் (ஒளி ஒரே வடிவில் ஓடும் கண்ணாடி இழை), முனைகள் எஃப்சி/ஏபிசி (சாய்வாகச் சீவிய கனெக்டர்). ஒரு கொலிமேட்டரிலிருந்து (ஃபைபர் ஒளியை இணைக்கற்றையாக்கும் லென்ஸ் அமைப்பு) கிளம்பும் ஒளி 800 மி.மீ. காற்றில் போக வேண்டும். நடுவில் ஒரு வாயுக் குடுவை. அதைக் கடந்து எதிரே இருக்கும் கொலிமேட்டர் வழியாக மறுபடியும் சிங்கிள் மோட் ஃபைபருக்குள் நுழைய வேண்டும். குடுவை ஜன்னலின் திறந்த விட்டம் 5 மி.மீ.

பரிசீலனையில் இருப்பவை வார்ப்பு ஆஸ்ஃபெரிக் (கோளமல்லாத வளைவுள்ள) லென்ஸ்கள். குவியத்தூரம் 4.51, 8, 11, 18.4 மி.மீ. ஃபைபர் தரவுத்தாளில் என்ஏ (ஒளி விரியும் கோணத்தைக் காட்டும் எண்) 0.14 என்று இருக்கிறது. குவியத்தூரத்தை 2 × என்ஏ-வால் பெருக்கினால் 11 மி.மீ. லென்ஸுக்கு 3.1 மி.மீ. கற்றை, 18.4-க்கு 5.15 மி.மீ. 18.4-இன் கற்றை ஜன்னலில் இடிக்கும், 11-இன் கற்றையும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. அப்படியானால் 8 மி.மீ.தானா? தயாராக விற்கும் கொலிமேட்டர் வாங்குவது மேலா, லென்ஸும் குழாயும் தனித்தனியாக வாங்கிப் பொருத்துவது மேலா?

கெலுகோர்_குவியம்

முதலில் அந்த 0.14. கார்னிங் தரும் என்ஏ, ஒளிச்செறிவு உச்சத்தின் 1 சதவீதத்துக்கு இறங்கும் கோணத்தில் அளந்தது. லேசர் கற்றையின் விட்டத்தை நாம் பேசுவது 13.5 சதவீத மட்டத்தில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வித்தியாசம். 13.5 சதவீத மட்டத்தில் இந்த ஃபைபரின் என்ஏ 1550-ல் சுமார் 0.095தான்.

சிங்கிள் மோடுக்கு என்ஏ-வை மறந்துவிட்டு மோட் ஃபீல்ட் விட்டத்தை, அதாவது ஃபைபருக்குள் ஒளி பரவியிருக்கும் அகலத்தை, எடுங்கள். 1550-ல் அது 10.4 மைக்ரான்.

கற்றை விட்டம் = 4 × அலைநீளம் × குவியத்தூரம் ÷ (3.1416 × மோட் ஃபீல்ட் விட்டம்)

இதன்படி:
4.51 மி.மீ. → 0.86 மி.மீ.
8 மி.மீ. → 1.52 மி.மீ.
11 மி.மீ. → 2.09 மி.மீ.
18.4 மி.மீ. → 3.49 மி.மீ.

ஆக 11 மி.மீ. லென்ஸ் உங்கள் ஜன்னலில் தாராளமாகப் போகும். திறப்பு கற்றை விட்டத்தின் ஒன்றரை மடங்கு இருந்தால் 98.9 சதவீத ஒளி கடக்கும், இரண்டு மடங்கு இருந்தால் வெட்டு இல்லாத மாதிரிதான். சரிசமமாக இருந்தால் 86.5 சதவீதம் மட்டும். 18.4-ஐ 5 மி.மீ. ஜன்னலில் விட்டால் 1.6 சதவீதம் வெட்டுப்படும். கேட்க சிறியதுதான், ஆனால் எதிர்முனையில் சிங்கிள் மோட் இருப்பதால் விளிம்பு வெட்டு மோடின் வடிவத்தையும் கெடுக்கிறது, இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஜன்னலின் நடுவில் போகவில்லை என்றால் இன்னும் மோசம்.

என் தேர்வு 11. பூச்சு மட்டும் 1050 முதல் 1700 வரைக்கான வகையா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான பூச்சு 1550-ல் பூச்சே இல்லாத கண்ணாடியைவிட அதிகமாகப் பிரதிபலிக்கக்கூடும்.

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

விட்டம் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது அண்ணே. 800 மி.மீ. போகுமா என்பதுதான் முதல் கேள்வி.

"இணைக்கற்றை" என்று சொன்னாலும் எந்தக் கற்றையும் முழுக்க இணையாகப் போகாது. மிக மெலிந்த இடம், அதாவது இடை, ஒன்று இருக்கும். அதற்கு அப்பால் விரியும். இரண்டு ஒரே மாதிரிக் கொலிமேட்டர்கள் முகம் பார்த்து நிற்கும்போது இடை சரியாக நடுவில் விழ வேண்டும். லென்ஸிலிருந்து இடையை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த உச்சவரம்பின் இரண்டு மடங்குதான் நீங்கள் இழப்பில்லாமல் தாண்டக்கூடிய இடைவெளி:

4.51 மி.மீ. → சுமார் 370 மி.மீ.
8 மி.மீ. → சுமார் 1.17 மீட்டர்
11 மி.மீ. → சுமார் 2.2 மீட்டர்
18.4 மி.மீ. → 6 மீட்டருக்கு மேல்

இது குவியத்தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 4.51 இங்கேயே அவுட். மற்ற மூன்றும் தூரத்தைத் தாண்டும். அதற்கு மேல் பெரிய கற்றை எடுத்தால் இலாபமில்லை, தொல்லைதான். சாய்வுக்கு 1 டெசிபெல் இழப்பு வரும் அளவுகளைப் பாருங்கள்:

8 மி.மீ. → 0.31 மில்லிரேடியன்
11 மி.மீ. → 0.23
18.4 மி.மீ. → 0.14

பக்கவாட்டு நகர்வு நேர்மாறு. 8-க்கு 0.36 மி.மீ., 11-க்கு 0.50, 18.4-க்கு 0.84 மி.மீ. நகர்ந்தால் 1 டெசிபெல். மேசையில் அரை மில்லிமீட்டர் நகர்வைக் கட்டுப்படுத்துவது சுலபம். கால் மில்லிரேடியன் சாய்வைக் கட்டுப்படுத்துவதுதான் பாடு. அங்குலத்துக்கு 80 புரி உள்ள திருகு போட்ட சாதாரண 1 அங்குல மவுண்ட் ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 8 மில்லிரேடியன் சாயும். 0.23 என்றால் குமிழை 10 டிகிரி திருப்புவது. செய்யலாம், ஆனால் மவுண்டின் பூட்டுத்திருகை இறுக்கும்போதே அந்த அளவு ஓடிவிடும்.

அதனால் என் ஓட்டு 8 மி.மீ.

கெலுகோர்_குவியம்

சாய்வுக் கணக்கில் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். மவுண்ட் சாய்வது ஒன்று, ஃபைபர் முனை லென்ஸுக்குப் பின்னால் நகர்வது இன்னொன்று. ஃபெரூல் (ஃபைபர் முனையைப் பிடித்திருக்கும் சிறு உருளை) ஸ்லீவுக்குள் 1 மைக்ரான் நகர்ந்தால் 8 மி.மீ. லென்ஸில் கற்றை 0.125 மில்லிரேடியன் திரும்பும், 11-ல் 0.09, 18.4-ல் 0.054. இவற்றை உங்கள் பட்டியலின் தாங்கும் அளவோடு வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே விடை வரும், 2.5 மைக்ரான். எந்த லென்ஸ் போட்டாலும் ஃபைபர் முனை 2.5 மைக்ரான் பக்கவாட்டில் நகர்ந்தால் 1 டெசிபெல் போச்சு. கனெக்டரைக் கழற்றி மாட்டினால் வரும் மாற்றம் இந்த வகை. அதை லென்ஸ் தேர்வால் சமாளிக்க முடியாது. மவுண்ட் சாய்வுக்கு மட்டும்தான் 8-க்குச் சலுகை.

இன்னொன்று, 8 மி.மீ. ஆஸ்ஃபெரிக் பெரும்பாலும் என்ஏ 0.5 உள்ள செங்குத்தான வளைவு. டயோடு லேசருக்காக வடிவமைத்தது. நமக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். 11 மி.மீ. வகை 0.25 பக்கம் இருக்கும், போதும்.

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

2.5 மைக்ரான் கணக்கு சரிதான். செங்குத்து வளைவால் இங்கே கெடுதல் ஒன்றும் இல்லை. கற்றை லென்ஸின் நடு 1.5 மி.மீ.-ஐத்தானே தொடுகிறது?

கெலுகோர்_குவியம்

நடுவைத் தொட்டால். அவரிடம் இருப்பது ஏபிசி கனெக்டர், அதை மறந்துவிட்டீர்கள்.

ஏபிசி முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி ஃபைபர் அச்சிலிருந்து சுமார் 3.6 டிகிரி விலகி வெளியேறும். ஃபைபரை நேராகப் பிடித்தால் 11 மி.மீ. லென்ஸில் கற்றையின் நடு 0.7 மி.மீ. தள்ளி விழும், 8-ல் 0.5 மி.மீ. வெளியே வரும் கற்றை அச்சுக்கு இணையாகவே போகும், ஆனால் ஓரமாக. அதனால்தான் ஏபிசிக்கான கொலிமேட்டர் உடலில் ஃபெரூல் துளையே சாய்வாகக் கடையப்பட்டிருக்கும், கற்றை லென்ஸ் நடுவில் விழட்டும் என்று. லென்ஸ்குழாயும் எஃப்சி தட்டும் தனியாக வாங்கிப் பொருத்தினால் சாய்வுத் தட்டுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். நேர்த்தட்டில் ஏபிசி போட்டால் வேலை செய்யும், பவர் வரும், ஆனால் கற்றை ஏன் மவுண்டின் நடுவில் இல்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிசி முனைக்கு (சாய்வில்லாமல் மெருகிட்டது) மாறுவது தீர்வல்ல. காற்றில் நிற்கும் பிசி முகம் ஏறத்தாழ 3.4 சதவீதத்தை நேராகத் திருப்பி அனுப்பும், கிட்டத்தட்ட −14.7 டெசிபெல். ஃபைபரோடு ஃபைபர் முட்டும்போது கிடைக்கும் −50 என்ற எண்ணைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டு இங்கேயும் அதே என்று நினைக்காதீர்கள். லேசர் நிலையாக இருக்க வேண்டுமென்றால் ஏபிசியே.

இழைநாடன்

இவ்வளவு சிக்கல் எதற்கு? 1.8 மி.மீ. கிரின் லென்ஸ் (ஒளிவிலகல் எண் நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறும் கண்ணாடித் தண்டு), கால் பிட்ச் நீளம், ஃபைபர் ஒட்டியே வரும், விலையும் குறைவு. எல்லா ஐசோலேட்டருக்குள்ளும் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) அதுதானே இருக்கிறது?

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

ஐசோலேட்டருக்குள் இடைவெளி சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர்தான். 1.8 மி.மீ. கிரின் கால் பிட்ச் துண்டின் குவியத்தூரம் சுமார் 1.9 மி.மீ. கற்றை 0.36 மி.மீ., தாண்டக்கூடிய இடைவெளி 65 மி.மீ. சுற்று. 800-க்கு வைத்தால் எதிர்லென்ஸை அடையும்போது கற்றை 4 மி.மீ.-க்கு மேல் விரிந்திருக்கும், எதிரே 1.8 மி.மீ. வாய். சி-லென்ஸ் (முனை வளைந்த சிறு கண்ணாடித் தண்டு) கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனாலும் அதுவும் பெட்டிக்குள் அடைக்கும் பாகங்களுக்குத்தான். பால் லென்ஸ் (உருண்டை லென்ஸ்) பற்றி யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: இணைப்புக்கு மலிவு, கோளப் பிறழ்ச்சி அதிகம், இங்கே வேண்டாம்.

பாயான்_பெஞ்ச்

நன்றி. 11 என்று முடிவு செய்கிறேன். சாய்வுத்துளை உள்ள ஏபிசி உடல், புரியில் முன்னும் பின்னும் நகரும் லென்ஸ். இரண்டு கேள்வி.

ஒன்று, இடையை 400 மி.மீ.-ல் வைக்க லென்ஸை எவ்வளவு நகர்த்துவது, சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு, 1550 கண்ணுக்குத் தெரியாதே. ஃபைபர் உடைப்பு பார்க்கும் சிவப்பு பேனா லேசர் இருக்கிறது. அதை மாட்டி முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு 1550-க்கு மாறலாமா?

கெலுகோர்_குவியம்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது பலரும் செய்வது. சிவப்பை வைத்து *திசை* பார்க்கலாம். *ஃபோகஸ்* பார்க்கக் கூடாது. காரணம் இரண்டு.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறும். பிகே7 கண்ணாடிக்கு 633 நானோமீட்டரில் 1.5151, 1550-ல் 1.5007. குவியத்தூரத்தில் இது ஏறத்தாழ 2.8 சதவீதம். 11 மி.மீ. லென்ஸில் 0.3 மி.மீ. வார்ப்பு ஆஸ்ஃபெரிக் வேறு கண்ணாடிதான், ஆனால் அளவு இதே சுற்றில் இருக்கும். ஃபைபர் முனை முன்பின்னாக நகரத் தாங்கும் எல்லை 0.055 மி.மீ. மட்டுமே. ஆக சிவப்பில் கச்சிதமாக ஃபோகஸ் செய்தால் 1550-ல் ஐந்தாறு மடங்கு தவறான இடத்தில் நிற்பீர்கள்.

அடுத்தது, எஸ்எம்எஃப்-28-இன் வெட்டு அலைநீளம் 1260-க்குக் கீழ். 650-ல் அது சிங்கிள் மோட் இல்லை, பல மோடுகள் கலந்து ஓடும். ஃபைபரைத் தொட்டால் புள்ளி உருமாறும், நடுவிடமே நகரும். அதை வைத்து விட்டம் அளப்பது வீண்.

இணையாக்கிய சிவப்பு லேசரைக் கண் மட்டத்தில் விடாதீர்கள். பேனாவின் முனையில் விரிந்து போகும்போது இருக்கும் பாதுகாப்பு, லென்ஸ் போட்ட பிறகு இல்லை.

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

முதல் கேள்விக்கு. ஃபைபர் முனை லென்ஸின் குவியத்தில் இருந்தால் இடை லென்ஸிலிருந்து ஒரு குவியத்தூரத்தில், அதாவது 11 மி.மீ.-லேயே இருக்கும். "முடிவிலிக்கு ஃபோகஸ்" என்று சொல்வது இதைத்தான், இடை தூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். 400 மி.மீ.-க்குத் தள்ள, ஃபைபருக்கும் லென்ஸுக்கும் இடையே 10 மைக்ரான் கூட்ட வேண்டும். 55 மைக்ரான் கூட்டினால் உச்சமான 1.1 மீட்டர். அதற்கு மேல் கூட்டினால் இடை திரும்பி வரும், கற்றை குவிந்து விரியும்.

அங்குலத்துக்கு 40 புரி உள்ள லென்ஸ்குழாயில் ஒரு சுற்று 635 மைக்ரான். 10 மைக்ரான் என்றால் 6 டிகிரிக்கும் குறைவு. 0.5 மி.மீ. புரியில் 7 டிகிரி. பூட்டுவளையம் இறுக்கும்போது புரியின் தளர்ச்சியே அதைவிட அதிகம் ஓடும். லென்ஸை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திருகி வாருங்கள், தாண்டிவிட்டால் பின்னால் போய் மறுபடி வாருங்கள். பூட்டுவளையத்தை லேசாகத் தொட்டு வைத்துக்கொண்டு லென்ஸைத் திருப்பினால் தளர்ச்சி ஒரு பக்கமாகவே இருக்கும்.

ஆனால் இதற்காக ரொம்பவும் மெனக்கெட வேண்டாம் என்பதே என் கருத்து. 11 மி.மீ. லென்ஸ் இரண்டையும் முடிவிலிக்கே வைத்து 800 மி.மீ. தள்ளி நிறுத்தினால் இடை பொருந்தாமையால் வரும் இழப்பு 0.13 டெசிபெல்தான். 8 மி.மீ. என்றால் 0.46. 4.51 என்றால் 3.3. இந்த இடத்தில் 11-க்கு ஓட்டு மாற்றிக்கொள்கிறேன், சாய்வில் கொஞ்சம் கூடக் கவனம் எடுத்தால் ஃபோகஸில் நிம்மதி. தயாராக வரும் நிலைக்குவியக் கொலிமேட்டரும் இதனால்தான் உங்களுக்குப் போதும். 1550-க்கு அமைத்ததா என்று மட்டும் பாருங்கள், 1310-க்கு அமைத்ததை வாங்கி வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

கெலுகோர்_குவியம்

அளப்பது எப்படி என்பதற்கு. ஷியர் தட்டு (கற்றை இணையாக இருக்கிறதா என்று குறுக்கீட்டுக் கோடுகளால் காட்டும் கண்ணாடித் தட்டு) இருந்தால் நொடியில் தெரியும், கோடுகள் குறிக்கோட்டுக்கு இணையாக வந்தால் சரி. லேசருக்கு மட்டும், அகன்ற நிறமாலை உள்ள மூலத்துக்குக் கோடே வராது. சிலிக்கான் கேமரா 1550-ஐப் பார்க்காது, 1100-க்கு மேல் குருடு. இன்காஸ் (இண்டியம் காலியம் ஆர்சனைடு) கேமரா இல்லையென்றால் கத்திமுனை முறை: பெரிய பரப்புள்ள ஜெர்மானியம் அல்லது இன்காஸ் டிடெக்டர் முன்னால் மைக்ரோமீட்டர் மேடையில் ஒரு பிளேடு. பவர் 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க எடுக்கும் தூரத்தை 1.28-ஆல் வகுத்தால் கற்றையின் ஆரம். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அளவு, 800 மி.மீ.-ல் ஒரு அளவு. உங்களுக்கு இரண்டும் 2.1 மி.மீ. விட்டத்தைச் சுற்றி வந்தால் மேற்கொண்டு தொட வேண்டாம். டிடெக்டர் பரப்பு கற்றையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 1 மி.மீ. டிடெக்டரில் இந்த முறை பொய் சொல்லும்.

1550-ல் 10 மில்லிவாட் வரை வகுப்பு 1. இடையில் எர்பியம் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும், லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

கேஎல்_ஸ்பெக்ட்ரோ

நல்ல இழை. கோலாலம்பூரிலிருந்து பக்கத்துக் கேள்வி ஒன்று, மன்னிக்கவும். எனக்கு ஹாலஜன் விளக்கு, 200 மைக்ரான் கோர், என்ஏ 0.22 மல்டி மோட். 400 முதல் 900 நானோமீட்டர். 10 மி.மீ. அகலமான இணைக்கற்றை 300 மி.மீ. தூரம் போய் மாதிரியில் விழ வேண்டும். இதே 11 மி.மீ. ஆஸ்ஃபெரிக் போட்டால் 300 மி.மீ.-ல் சரியாக 10 மி.மீ. புள்ளி வருகிறது. ஆனால் மாதிரியை முன்னே பின்னே நகர்த்தினால் அளவு மாறுகிறது. லென்ஸை எவ்வளவு நுணுக்கமாக ஃபோகஸ் செய்தாலும் நிற்கவில்லை லா.

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

நிற்காது. மேலே நாங்கள் பேசிய சூத்திரம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. மல்டி மோடில் கோரின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி ஒளிமூலம். ஒவ்வொன்றும் தன் திசையில் ஒரு இணைக்கற்றையை அனுப்பும். மொத்த விரிகோணம் கோர் விட்டத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தது, கற்றையின் தொடக்க விட்டம் 2 × குவியத்தூரம் × என்ஏ. இங்கே 2 × என்ஏ சரிதான்.

11 மி.மீ. லென்ஸ்: தொடக்கம் 4.8 மி.மீ., விரிவு 18 மில்லிரேடியன். 300 மி.மீ.-ல் 5.5 கூடி 10.3. நீங்கள் பார்ப்பது இதுதான்.

30 மி.மீ. லென்ஸ்: தொடக்கம் 13.2 மி.மீ., விரிவு 6.7 மில்லிரேடியன். 300 மி.மீ.-ல் 2 மி.மீ. மட்டும் கூடும். 10 மி.மீ. ஐரிஸ் வைத்து ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம்.

விட்டமும் விரிகோணமும் பெருக்கினால் மாறாத ஒரு எண் வரும், அதை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் சின்ன கோர்தான். 50 மைக்ரானுக்குப் போனால் விரிவு நான்கில் ஒன்றாகும், ஹாலஜன் ஒளி ஏறத்தாழ பதினாறில் ஒன்றாகக் குறையும். ஸ்பெக்ட்ரோமீட்டர் அந்த ஒளியில் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள்.

கெலுகோர்_குவியம்

400–900 என்றால் ஒற்றை லென்ஸ் வேண்டாம். பிகே7-ல் அந்த அகலத்துக்குக் குவியத்தூரம் 4 சதவீதம் மாறும், 30 மி.மீ.-க்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நீலத்துக்கும் அகச்சிவப்புக்கும் புள்ளி அளவு வேறுபட்டு, மாதிரியின் ஓரத்தில் நிறமாலையே சாய்ந்து தெரியும். அக்ரோமேட் டப்ளெட், 30 மி.மீ. குவியத்தூரம், 25 மி.மீ. விட்டம். அதிகம் வளைந்த முகம் இணைக்கற்றைப் பக்கம், தட்டையான முகம் ஃபைபர் பக்கம். திருப்பி மாட்டினால் கோளப் பிறழ்ச்சி ஏறும். தட்டைக்குவி லென்ஸுக்கும் இதே விதி.

அலைநீளம் இன்னும் அகன்றால் அச்சு விலகிய பரவளையக் கண்ணாடிக் கொலிமேட்டர். அதில் நிறப்பிறழ்ச்சியே இல்லை. காப்புப் பூச்சிட்ட வெள்ளி 450-க்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும், 400-ல் பிரதிபலிப்பு இறங்கத் தொடங்கும். உங்களுக்கு அலுமினியம் பொருத்தம். பெரிய கோரை அதில் வைத்தால் கோரின் ஓரப் புள்ளிகளுக்குக் கோமா (புள்ளி வால் போல் நீளும் பிறழ்ச்சி) வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு உபயோகமான விஷயம். ஒளி சீராக விழ வேண்டுமென்றால் லென்ஸுக்குப் பிறகு ஒரு குவியத்தூரத்தில் மாதிரியை வையுங்கள், 300-ல் வேண்டாம். அந்தத் தளத்தில் கோரின் எல்லாப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ரொம்ப தூரம் போனால் கோரின் உருவமே, தூசியும் கீறலுமாக, மாதிரியில் தெரிய ஆரம்பிக்கும்.

இழைநாடன்

பாயான் சகோவுக்கு: வாயுக் குடுவை என்றீர்கள். ஜன்னல் இரண்டும் இணைத்தட்டா, ஆப்புவடிவமா? 3 மி.மீ. தடிமன் உருகிய சிலிக்கா இணைத்தட்டில் 1550-ஐச் சுற்றி 0.28 நானோமீட்டருக்கு ஒருமுறை அலைமாதிரி பவர் ஏறி இறங்கும். லேசரை ஸ்கேன் செய்தால் வாயுவின் உறிஞ்சல் கோடும் இதுவும் கலந்து வரும். லென்ஸை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் இது போகாது. ஆப்பு ஜன்னல், அல்லது குடுவையைச் சில டிகிரி சாய்த்து வையுங்கள். சாய்த்தால் 5 மி.மீ. திறப்பு இன்னும் குறுகும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பட்டர்வொர்த்_பவர்மீட்டர்

நல்ல பாயிண்ட். பூச்சு இருந்தால் அலை சின்னதாகும், ஆனால் மறையாது.

வாங்கும் விஷயம்: இந்த வகை லென்ஸ் வெளிநாட்டுக் கூரியரில்தான் வரும், ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் அலைந்து பயனில்லை. 2024 சனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இணையவழி இறக்குமதிக்கும் 10 சதவீத விற்பனை வரி இருக்கிறது, விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு நம் ஊர் ஈரம். ஏர்கான் அறையில் 20 டிகிரியில் இருக்கும் லென்ஸை 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள வெளிக்காற்றுக்குக் கொண்டுபோனால் பனிநிலை 26 டிகிரி. கண்ணாடி உடனே வியர்க்கும். பைக்குள் மூடியபடியே வெளியே எடுத்து, சூடு ஏறியபின் திறங்கள். சேமிப்பு 40–50 சதவீத ஈரப்பத உலர்பெட்டியில். பூச்சின்மேல் பூஞ்சை படர்ந்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

வெப்பத்தால் ஃபோகஸ் மாறுமோ என்று பயப்பட வேண்டாம். 11 மி.மீ. அலுமினியம் 10 டிகிரிக்கு 2.5 மைக்ரான்தான் நீளும், உங்கள் எல்லை 55.

பாயான்_பெஞ்ச்

ஜன்னல் இணைத்தட்டுதான், பூச்சு உண்டு. குடுவையைச் சாய்த்து வைக்கிறேன். கடைசியாக ஒன்று: இரண்டு கொலிமேட்டரையும் நேர்படுத்தும் வரிசை எப்படி? பவர்மீட்டரில் ஒன்றுமே வராதபோது எங்கே தொடங்குவது?

கெலுகோர்_குவியம்

குடுவை இல்லாமல் தொடங்குங்கள்.

1. கனெக்டர் முகங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, க்ளிக் கிளீனரால் துடைத்து, மறுபடி பார்க்கவும். லேசர் அணைந்திருக்கும்போது மட்டும்.

2. முதல் கொலிமேட்டரில் 1550 விடுங்கள். ஐஆர் அட்டையால் கற்றையைப் பின்தொடர்ந்து, எதிர்லென்ஸின் நடுவில் விழுமாறு முதல் மவுண்டைத் திருப்புங்கள். சில அட்டைகளுக்கு முதலில் வெள்ளை வெளிச்சம் காட்டி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஒளியே இல்லை என்று ஏமாறுவீர்கள்.

3. லேசரை இரண்டாவது ஃபைபருக்கு மாற்றுங்கள். அதன் கற்றை முதல் லென்ஸின் நடுவில் விழுமாறு இரண்டாவது மவுண்டைத் திருப்புங்கள். இரண்டு கற்றைகளும் இரு முனைகளிலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

4. லேசரைப் பழைய இடத்துக்கு மாற்றி, பெறும் முனையில் சிங்கிள் மோடுக்குப் பதில் 50 மைக்ரான் மல்டி மோட் பேட்ச் கார்டு மாட்டுங்கள். அது 4.5 மில்லிரேடியன் அகலத்துக்கு ஒளியை ஏற்கும், சிங்கிள் மோட் ஏறத்தாழ 1 மில்லிரேடியன் மட்டும். இதில் உச்சத்தைப் பிடித்து, அந்தச் சமதளத்தின் நடுவில் நிறுத்துங்கள்.

5. மல்டி மோடைக் கழற்றி சிங்கிள் மோட் மாட்டுங்கள். இப்போது பவர்மீட்டர் எதையாவது காட்டும். இரண்டு மவுண்டையும் ஒரே அச்சில் ஜோடியாக நகர்த்துங்கள்: முதலாவதைக் கொஞ்சம் கெடுத்து, இரண்டாவதால் மீட்டு, உச்சம் முன்னைவிட ஏறியதா பாருங்கள். ஏறினால் அதே திசை. கிடைமட்டம் முடித்துச் செங்குத்து.

பாயான்_பெஞ்ச்

மல்டி மோட் கார்டு பிசி முனைதான் இருக்கிறது. சாய்வுத்துளை ஏபிசி உடலில் மாட்டினால் ஏதாவது கெடுமா?

கெலுகோர்_குவியம்

கெடாது. இங்கே ஃபைபரோடு ஃபைபர் முட்டவில்லை, ஃபெரூலுக்கு எதிரே காற்றுதான். ஒளி 3.6 டிகிரி சாய்வாக நுழையும், ஆனால் என்ஏ 0.2 உள்ள ஃபைபர் 11 டிகிரிக்கு மேல் ஏற்கும். முனை சில பத்து மைக்ரான் முன்பின்னாக நிற்கலாம், 50 மைக்ரான் கோருக்கு அது பொருட்டில்லை. கனெக்டரின் சாவி அகலத்தை மட்டும் பாருங்கள்: 2.14 மி.மீ. சாவி, குறுகிய சாவிக்கான காடியில் போகாது. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

பூட்டுத்திருகுகளைப் பவர்மீட்டரைப் பார்த்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். குடுவையைச் சாய்வாக வைத்தபின் கற்றை ஒரு மில்லிமீட்டருக்குள் இடம்பெயரும். 5-ஆவது படியை மட்டும் மறுபடி செய்தால் போதும்.